நாலு குட்டிகளுக்கு ஓர் ஆயா

“சின்னது இன்னைக்கும் வாயைத் திறக்கல சார். மத்த மூணும் நல்லாச் சாப்பிட்டுச்சு” என்று எழுத்தர் தணிந்த குரலில் சொன்னார். மேலாளர் கையிலிருந்த கோப்பை மூடி வைத்துவிட்டார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட அவர் முகம் அவ்வளவு வாடியிருக்காது.

“நேத்து என்ன கொடுத்தீங்க?”

“இறால் சார். அதுக்கு முந்தின நாளும் இறால்தான். அலுத்துப்போச்சோ என்னவோ. இன்னைக்கு மண்புழு கொடுத்துப் பாக்கறேன்.”

மேலாளரின் அறையில் சுவரோரமாக, ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் விரல் நீளத்தில் நாலு ஆஸ்கர் மீன்குட்டிகள். பார்த்தால் பரம சாது. புழு பூச்சியைக் கண்டால் பாய்ந்து விழுங்கும் சுத்த அசைவம். வளர்கிற வயசு என்பதால் அவற்றுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, அந்த மூன்று வேளையும் எழுத்தரின் பொறுப்பு. ஆபீஸில் அவருக்கு ஆயா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. மனைவி பன்னிரண்டு மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால், ஒரு மலையூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒன்பது மாதப் பெண் குழந்தையும் அங்கேதான். அந்த ஊர்க் கிளையில் எப்போதும் இரண்டு மூன்று இடம் காலியாகவே கிடக்கும். குளிருக்கும் அட்டைப்பூச்சிக்கும் பயந்து யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மாற்றல் கேட்டு மூன்று மனு கொடுத்தாயிற்று. மேலாளர் மனசு வைத்தால் போதும்.

அந்தச் சமயத்தில்தான் மீன் அவர் தலையில் வந்து விழுந்தது. முன்பு மீனைப் பார்த்துக்கொண்ட குமாஸ்தா, வேலை மிச்சம் என்று தினமும் எங்கிருந்தோ உயிருள்ள பொடிமீனை வாங்கிவந்து கொட்டுவாராம். ஒருநாள் அதோடு நோயும் வந்தது. மூன்றே நாளில் தொட்டி மொத்தமும் மல்லாந்துவிட்டது. “அந்த வாரமே ஆளைத் தூக்கியடிச்சிட்டாரு” என்று பியூன் கிசுகிசுத்தபோது எழுத்தரின் கண் தொட்டிப் பக்கம் போயிற்று. எந்த ஊருக்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து மனுஷன் தவம்தான் செய்தார். வண்ணமீன் கடைக்காரரிடம் பாடம் கேட்டார். என்னதான் பிடித்த தீனியானாலும் ஒன்றையே போட்டால் சத்துக் குறையும் என்றார் அவர். ஆட்டிறைச்சி கூடாது, அந்தக் கொழுப்பு மீனுக்கு ஒத்துக்கொள்ளாது. எழுத்தர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். காலையில் ஊறவைத்த உருண்டைத் தீனி, மதியம் ஓடு உரித்த இறால் அல்லது கணவாய், சாயங்காலம் கொசுப்புழு. எதுவானாலும் மீனின் கண்ணைவிடப் பெரிய துண்டாக இருக்கக் கூடாது, மிஞ்சியதை ஐந்து நிமிடத்தில் வலைபோட்டு எடுத்துவிட வேண்டும். மண்புழுவை ஒருநாள் முன்பே கழுவி, வயிற்று மண் கழியட்டும் என்று ஒரு டிபன் டப்பாவில் வைத்திருப்பார். அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஒருநாள் மனைவி போனில் அழாக்குறையாகப் பேசினாள். குழந்தை எதை ஊட்டினாலும் துப்புகிறதாம்.

“ஒண்ணையே கொடுக்காதே, மாத்தி மாத்திக் கொடு. கண்ணு அளவுக்கு நறுக்கு” என்றார் எழுத்தர்.

“யார் கண்ணு அளவுக்குங்க?” என்று கேட்டவள், கொஞ்சம் கழித்து, “நீங்க எப்ப வந்து ஊட்டுவீங்க?” என்றாள்.

பெற்ற மகளுக்கு அவர் இன்னும் ஒரு வாய்கூட ஊட்டியதில்லை. சீக்கிரம் வந்துவிடுவேன் என்று மட்டும் சொல்லி போனை வைத்தார்.

சின்னது அந்த வாரமே மண்புழுவைக் கவ்விவிட்டது. மூன்று மாதத்தில் நாலும் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்து, உடம்பெல்லாம் செம்மை ஏறி, விரலைக் காட்டினால் துள்ளிக்கொண்டு வந்தன. வருகிறவர் போகிறவரையெல்லாம் மேலாளர் தொட்டி முன்னால் நிறுத்தி, இது இவருடைய கைராசி என்று எழுத்தரைக் காட்டினார். இனி மாற்றல் கைக்கு வந்த மாதிரிதான் என்று எழுத்தர் பெட்டியைத் தூசி தட்டி வைத்தார்.

மாற்றல் பட்டியல் வந்தது. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடினார். அவர் பெயர் இல்லை. முதல் தடவையாகக் கையில் தீனி டப்பா இல்லாமல் மேலாளரின் அறைக்குள் போனார்.

“என் பேர் விட்டுப்போச்சு சார்.”

“விட்டுப்போகல. நான்தான் எடுக்கச் சொன்னேன்.” மேலாளர் எழுந்து வந்து அவர் தோளில் கைவைத்தார். வாயில்லா ஜீவன்களை இப்படி வளர்த்தவரை நட்டாற்றில் விட்டுவிட மாட்டேன் என்றார். தான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை எழுத்தரும் இங்கேயேதான் என்றார்.

“பொண்டாட்டி, பிள்ளை ரெண்டு பேரும் அங்க இருக்காங்க சார். நானாத்தானே கேக்கறேன்?”

“நீங்க ஏதோ பாசத்துல கேட்டுட்டீங்க. அதுக்காக நான் அந்தப் பாவத்தைப் பண்ணுவேனா?” மேலாளரின் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. “என் பழைய மீனையெல்லாம் சாகடிச்சவரைத்தான் அங்க அனுப்பினேன்.”