ஒரு பொம்மைக்கு இடம்

சூடாமணி சுவரைத் தடவிக் கதவைத் தேடிக்கொண்டிருந்தார். குளியலறை அந்த வெள்ளைச் சுவரில்தான் எங்கோ இருந்தது. கைப்பிடி கிடையாது, அழுத்தினால் திறக்குமாம்.

"இங்க அமுக்குங்கோம்மா," என்று மருமகள் சுப்ரியா ஓடி வந்து திறந்துவிட்டாள்.

பட்டம் என்ற பகுதியில் எட்டாவது மாடி ஃப்ளாட். ஹாலில் ஒரு சாம்பல் நிற சோபா, மூலையில் ஒரு செடி, அவ்வளவுதான். டிவிகூட எதற்குள்ளோ ஒளிந்திருந்தது. இதற்கு மினிமலிசம் என்று பெயர். வீட்டில் ஒன்றும் இல்லாமல் இருப்பதற்கும் இத்தனை செலவாகும் என்று சூடாமணிக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

பைபாஸ் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாக அவர் வலியசாலையில் தம்பி வீட்டில் இருக்கிறார். இன்று நவராத்திரி இரண்டாம் நாள். யாரிடமும் சொல்லாமல், பூட்டிக் கிடந்த ஸ்ரீவராகம் வீட்டைத் திறந்து, கல்யாணத்தில் பிறந்த வீட்டார் கொடுத்த மரப்பாச்சி ஜோடியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். சின்ன மகன் வீட்டில் ஒரு பொம்மையாவது வைத்துவிட்டுத்தான் திரும்புவது என்று வந்திருந்தார்.

"இந்த உடம்போட தனியா வரலாமோ? டாக்டர் என்ன பறஞ்சார்?" என்றாள் சுப்ரியா.

"லிஃப்ட்லதானே வந்தேன். அது போகட்டும், கொலு எங்கடீ?"

மகன் சுமந்த் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். பிறகு, "ஆபீஸ் கால்மா," என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான். மாமியாரும் மருமகளும் பேச ஆரம்பித்தால் ஆண்களுக்கு எங்கிருந்தோ ஆபீஸ் கால் வந்துவிடும்.

"இந்த வருஷம் வெக்கலைம்மா. ஹாலோட லுக்கே போயிடும், கேட்டேளா. ஒண்ணும் அடைசலா இருக்கப்படாதுன்னுதானே இப்படிப் பண்ணினது."

"போன வருஷமும் இதே ஹால்தானே? வெள்ளைப் படி கட்டி, வெள்ளைத் துணி விரிச்சு, ஊர் முழுக்க ஃபோட்டோ அனுப்பினியே."

"அந்தப் படியெல்லாம் குடுத்தாச்சும்மா."

"சாரமில்லை, பரவாயில்லை. படி வேண்டாம். இந்த ஸ்டூல் மேல வெச்சுக்கோ. ரெண்டே ரெண்டு மரப்பாச்சி. இதைவிட மினிமல் உண்டோ?"

"அது ஸ்டூல் இல்லைம்மா, சைடு டேபிள். அது மேல ஒண்ணும் வெக்கறதில்லை."

"பின்ன மேஜை எதுக்காக்கும்?"

சுப்ரியா சிரிக்க முயன்றாள், வரவில்லை. சூடாமணி விடுவதாக இல்லை.

"ஹரியைப் பாரு. மஸ்கட்ல ஒரு ரூம்ல ஒத்தையா கிடக்கான். அவனே போன வருஷம் ஃப்ரிட்ஜ் மேல மூணு பொம்மை வெச்சு வீடியோல காட்டினான். இப்போ கொஞ்ச நாளா அவன் ஃபோனைத்தான் காணும்." மூத்த மகனை இழுக்காமல் அவருக்கு எந்தப் பேச்சும் முடியாது.

"நான் காபி கலந்துண்டு வரேன்," என்று சுப்ரியா எழுந்தாள்.

சூடாமணி அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனார். அங்கேயும் மேடை மேல் ஒரு கரண்டி கிடையாது. துண்டைப் பிரித்துப் பொம்மைகளை மேடை ஓரத்தில் வைக்கப் போனார். சுப்ரியா சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி கொஞ்சம் அழுத்தமாகவே இருந்தது.

"வேண்டாம்மா."

"ஒம்பது நாள்தானேடீ. விஜயதசமி கழிஞ்சா நானே வந்து எடுத்துண்டு போயிடறேன்."

"ப்ளீஸ்மா. எனக்குப் பிடிக்கலை."

"சரி, வெளியில வேண்டாம்." சூடாமணி பக்கத்துச் சுவரை அழுத்தினார், ஓர் அலமாரி திறந்தது. இதற்குள் அந்த வித்தை பழகிவிட்டிருந்தது. "இதுக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்திடு. வரவா போறவா ஒருத்தருக்கும் தெரியாது. உன் வீட்டு அழகுக்கு ஒரு குறையும் வராது. அம்பாளுக்கு மட்டும் தெரிஞ்சா மதி, அது போரும்."

அவர் குரலில் இப்போது அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

சுப்ரியா அலமாரிக்குள் பார்த்தாள். இடம் தாராளமாக இருந்தது. சொல்வதற்குத்தான் இனி ஒரு காரணமும் மிச்சமில்லை. கண்கள் நிறைந்துவிட, மாட்டேன் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

சூடாமணி பொம்மைகளைத் திரும்பவும் துண்டில் சுற்றினார். சுமந்த் பால்கனியிலிருந்து வந்து சமையலறை வாசலில் நின்றான். அவனுக்கு எந்த ஆபீஸ் காலும் வந்திருக்கவில்லை.

"உங்க அப்பா தவறின வருஷம் நானும் ஒரு பொம்மை வெக்கலைடா," என்றார் அவனைப் பார்த்து. "சாவு விழுந்த குடும்பத்துல அந்த வருஷம் கொலு கிடையாது. நீங்க ரெண்டு பேரும் வாயால எதை வேணா மறைப்பேள். அதை மீறி ஒரு பொம்மை வெக்க மட்டும் இவளுக்குத் துணிச்சல் வராதுன்னு தெரியும். வெச்சுட்டாள்னா நிம்மதியாத் திரும்பிப் போயிடலாம்னுதான் வந்தேன்."

அவர் அந்த வெள்ளைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஹரி எப்ப போனான்?"