மிருகத்தின் குரல்

"இதுவும் வேண்டாம்."

டோக்கியோவில் அந்தப் படநிறுவனத்தின் சிறிய திரையரங்கில் விளக்குகள் எரிந்தன. இயக்குநர் ஹமாதா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இது நாலாவது மிருகம், சென்செய். நீங்க எழுதின மாதிரியேதான் மலை உயரம், கரி நிறம், ரெண்டு வரிசைப் பல்லு. இன்னும் என்ன குறை?"

"பெருசா இருக்கு. அவ்வளவுதான். பயமா இல்லை," என்றார் நாவலாசிரியை செட்சுகோ மிவா. அறுபத்து நான்கு வயது; மரியாதைக்கு எல்லோரும் 'சென்செய்', அதாவது ஆசிரியர், என்றே அழைப்பார்கள். அவர் சம்மதிக்காமல் படம் வெளிவராது என்பது ஒப்பந்தம். சம்மதம் சொல்ல இன்று கடைசி நாள்.

"பல்லை இன்னும் நீட்டட்டுமா?"

"என் கதையில ஜனங்க பல்லைப் பார்த்தா பயப்படுறாங்க? அது வருதுன்னு தெரிஞ்சதுமே விளக்கை அணைச்சுட்டு மூச்சைப் பிடிச்சுக்கிறாங்க. அதைக் காட்டுங்க. இல்லேன்னா படமே வேண்டாம்."

பின்வரிசையிலிருந்து ஒலி வடிவமைப்பாளர் நவோகி எழுந்தார். இந்தப் படத்தில்தான் வேலை செய்வேன் என்று தானாகவே கேட்டு வந்து சேர்ந்தவர்.

"நான் ஒண்ணு பண்ணி வச்சிருக்கேன். மிருகம் கண்ணுக்கே தெரியாது."

"இப்ப போய் விளையாடாதே," என்று பல்லைக் கடித்தார் ஹமாதா.

"போடட்டும்," என்றார் மிவா.

திரையில் இருட்டு. ஒரு குடிசையின் மூடிய கதவு மட்டும். வெளியே கனத்த காலடி ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது. வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம், யாரோ மெல்லத் தொண்டையைச் செருமும் சத்தம்.

மிவா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"நிறுத்து," என்றார்.

ஹமாதா பதறினார். "மன்னிச்சிடுங்க சென்செய், உடனே எடுத்துடறோம்."

"நீங்க கொஞ்சம் வெளியே இருங்க."

ஹமாதா போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் மிவா நவோகியின் பக்கம் திரும்பினார்.

"மூணு அடி வச்சு நிக்கும்னு எழுதியிருக்கேன். செருமும்னு எங்கேயும் எழுதலை. யார்கிட்டயும் சொன்னதும் இல்லை. உனக்கு எப்படித் தெரியும்?"

நவோகி தலையைக் குனிந்தபடியே சொன்னார்.

"மூணு அடின்னு படிச்சதுமே அது மிருகம் இல்லைன்னு புரிஞ்சுபோச்சு. அந்தச் செருமலைக் கதவுக்கு உள்ளே இருந்து கேட்டு வளர்ந்தவன் நான். நீங்க பதினாறு வயசுல வீட்டை விட்டு ஓடினீங்க. அடுத்த வருஷம் உங்கப்பா எங்கம்மாவைக் கட்டிக்கிட்டார், அக்கா."