உப்பு வெளிச்சம்

உப்பள முதலாளி சவரிராயன் அண்ணாச்சிக்கு நான் தரவேண்டியது நாற்பத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய். என் ரத்தப் புற்றுக்கு மருந்து வாங்க அவர் கொடுத்தது. மருந்து உள்ளே சும்மா கிடக்குமாம். வெளிச்சம் பட்டால்தான் அது வேலை செய்து கெட்ட அணுக்களைக் கொல்லுமாம். அதுக்காக டாக்டரம்மா என் உள்மணிக்கட்டில், நரம்புக்கு மேலே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி வைத்துத் தைத்தார்.

பலகை பிடித்து உப்பு வாரும்போது அந்தக் கண்ணாடி தரையைத்தான் பார்க்கும். வெயில் படாதே என்று பயந்தேன். ஆனால் மூணாம் மாசமே ரத்தம் சுத்தம்.

"மத்தவங்களுக்கு ஒரு வருசம் ஆகுதே, சேர்மக்கனி! நீங்க எங்க நின்னீங்க?" என்றார் டாக்டரம்மா.

"உப்புப் பாத்தியிலம்மா. அங்க வெயில் உப்புல பட்டு கீழயிருந்தும்லா அடிக்கும்."

சேதி பரவி, அடுத்த வாரமே அண்ணாச்சி அளத்தில் ஐம்பது நாற்காலி போட்டுவிட்டார். நோயாளிகள் உப்புக்கு நேராகக் கையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு மணிக்கு இருநூறு ரூபாய் வாடகை.

நான் பலகையோடு பாத்தியில் இறங்கப் போனேன். அண்ணாச்சி மறித்தார்.

"உப்ப வாரிட்டா வெளிச்சம் போயிரும்லா வே! இனி வாருறதே கிடையாது. எல்லாம் உம்மால வந்த யோகம். உம்ம கடன விட்டுட்டேன், போம்."

"வேலை, அண்ணாச்சி?"

அண்ணாச்சி கணக்கு நோட்டைப் பிரித்தார். என் கடனும் கூலியும் நோட்டில் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. என் பேரை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பக்கம் முழுக்கக் குறுக்கே கோடு போட்டுவிட்டார்.

கும்பிட்டுவிட்டு வந்தேன். எதுக்குக் கும்பிட்டேன் என்று வீடு வரைக்கும் யோசித்தேன்.