வாலில் ஒரு ஈ

"பாலத்தடி அம்மாவை வீட்டுக்கு அனுப்பாம நான் ஓயப் போறதில்லை" என்றார் துல்லியம்.

துல்லியம் என்பது ஆபீஸ் வைத்த பேர். வெள்ள எச்சரிக்கைப் பிரிவில் குறியீட்டு அதிகாரி. ஆற்றங்கரை நெடுக இருக்கும் ஏழு நிலையங்களிலிருந்தும் காலையில் ஆளுக்கொரு வரி வரும். நிலையத்தின் எண், நேரம், நீர்மட்டம். எல்லாம் ஒரே அச்சில் இருக்கவேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினாலும் மனுஷருக்குச் சோறு இறங்காது.

ஆறு நிலையங்கள் தங்கம். பாலத்தடி நிலையம்தான் தகராறு. அங்கே அளவு பார்க்கும் அம்மா அனுப்பும் அளவின் வாலில் தினமும் ஓர் ஆங்கில எழுத்து, 'ஈ', ஒட்டிக்கொண்டு வரும். நேராகப் படித்த அளவு அல்ல, உத்தேசம் என்று அதற்கு அர்த்தம்.

"ஆத்தை ஒட்டி வீடு. நாலடி இறங்கிப் போய்ப் பார்த்தா கால் தேஞ்சுடுமா? வீட்டுல உக்காந்து ஈ ஓட்டறாங்க. அந்த ஈயை நமக்கே அனுப்பறாங்க."

ஆபீஸ் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மழைக்காலம் பிறந்துவிட்டது. கீழே ஒரு நகரமே இந்த ஏழு வரிகளை நம்பித்தான் இருக்கிறது. கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

வேலைநீக்க உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

பாலத்தடி அம்மா கரையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு.

"வாங்க சார். இப்பத்தான் பார்த்துட்டு வரேன்."

"பார்த்தாச்சுல்ல? அப்புறம் எதுக்கும்மா ஈ?"

"ஆத்தைத்தான் சார் பார்த்தேன். அளவுகோலைப் பார்க்கலை."

"கிண்டலா?"

"இருந்தாத்தானே சார் பார்க்கறதுக்கு? போன வெள்ளத்துல கோலை ஆறு அடிச்சிட்டுப் போயிடுச்சு. பாலத்துத் தூண்ல கல்வரிசையை எண்ணி, குத்துமதிப்பா போடறேன். ஒரு சாண் முன்னே பின்னே இருக்கும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே சார். எத்தனையோ தடவை போன் பண்ணினேன். 'முதல்ல ஈயை எடுங்க, அப்புறம் பேசுங்க'ன்னு வச்சிட்டீங்க."

துல்லியத்துக்கு நினைவு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"எடுத்துட வேண்டியதுதானே?"

"வீட்டுக்காரருக்கு வேலை போய் மாசக்கணக்காச்சு சார். அடுப்பு எரியறது என் சம்பளத்துலதான். நீங்க என்ன பண்ணுவீங்களோன்னு பயந்துக்கிட்டுத்தான் தினமும் அனுப்பறேன். ஆனா கீழ ஊர்ல புள்ளைகுட்டிங்க இருக்கு. குத்துமதிப்பை நிஜம்னு எப்படி சார் சொல்றது?"

துல்லியத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. பைக்குள் போன கை வெறுமனே வெளியே வந்தது.

"தப்பா நினைச்சுட்டேம்மா. ஈ அங்கேயே இருக்கட்டும். சீக்கிரம் புதுக் கோல் நட ஏற்பாடு பண்றேன்."

"நல்லா இருப்பீங்க சார்" என்றார் அந்த அம்மா.

ஜீப் கிளம்பியதும் மனசு கொஞ்சம் லேசானது. போகட்டும், ஒரு நிலையம்தானே, மற்ற ஆறும் பிசகில்லாமல் வருகிறதே என்று தேற்றிக்கொண்டார். ஆபீஸ் நடைமுறையில் புதுக் கோல் வந்து சேர்வதற்குள் மழையே முடிந்துவிடும். அதனால் மேலே இருக்கும் அடுத்த நிலையத்துக்குப் போன் போட்டார்.

"உங்ககிட்ட உபரியா ஒரு அளவுகோல் இருக்குமா? பாலத்தடியில இல்லையாம்."

"உபரியா? நீங்க வேற சார். இங்க நட்டு வச்சதே போயிடுச்சு. அந்த வெள்ளத்துல ஏழு கோலும்தானே போச்சு?"

துல்லியம் ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"அப்ப நீங்க ஆறு பேரும் தினமும் என்னத்தை அனுப்பறீங்க?"

"கவலையே படாதீங்க சார். உங்களுக்குப் பிடிக்காதுன்னு, நாங்க ஈயை அடிச்சிட்டுத்தான் அனுப்பறோம்."