அலுமாரியை முதல் ஏத்துங்க

சுனாமிக்குப் பிறகு ஜெயரூபனின் பெயரில் மேட்டுநிலத்தில் ஒரு புதுவீடு கிடைத்தது. வாவிக்கரை வீட்டை விற்றுவிட்டு அங்கே போகலாமென்று அவன் மனைவி வதனியோடு ஓயாமல் மல்லுக்கட்டினான். வாவிக்கரை வீடு வதனிக்குத் தாய் கொடுத்த சீதனம். கடைசியில் வதனியே தோணிக்குக் கூலி பேசினாள்.

லொறி வரமுடியாத கரை. தோணிக்காரர் கந்தப்போடி சேற்றில் இறங்கித் தோணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜெயரூபன் வதனியைப் பார்த்துச் சிரித்தான். "இனி என்ட வீட்டிலதான் இருக்கப்போறாய். வாயப் பொத்திக்கொண்டு இருக்கணும், விளங்கிச்சா?"

அவள் உள்ளே போனாள். ஜெயரூபன் கந்தப்போடியின் பக்கம் திரும்பினான்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? அலுமாரிய முதல் ஏத்துங்க. சேத்துக்க போட்டீங்களோ, தெரியும்!"

கந்தப்போடி அசையவில்லை. "வதனிப் பிள்ளை அலுமாரி ஏத்தச் சொல்லல்ல தம்பி."

"அப்ப கட்டில்?"

"அதுவும் இல்ல."

"வேற என்ன மயிர ஏத்த வந்தநீங்க?"

வதனி திரும்பி வந்து, அவனுடைய உடுப்புப் பையைத் தோணிக்குள் எறிந்தாள். போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

கந்தப்போடி தோணியைச் சாய்த்துப் பிடித்தார்.

"சுணங்காம ஏறுங்க தம்பி. பிள்ளை ஏத்தச் சொன்ன சாமான் நீங்கதான்."