எல்லாரும் இருக்கிற படம்

“நீயே எடுத்துடும்மா. எல்லாரும் இந்தப் படத்துல இருக்கணும்” என்றார் முதலாளி.

இரண்டாம் வரிசை ஓரத்தில் தலையைச் சரிசெய்துகொண்டு நின்ற கவுன்ட்டர் அக்கா, வெளியே வந்து கேமராவுக்குப் பின்னால் போனாள். ஸ்டுடியோவின் புது வெப்சைட்டில் போடுவதற்கான படம். கேமராமேன்கள் மூன்று பேர், ஆல்பம் டிசைனர், வீடியோ எடிட்டர், டிரைவர் என்று கூட்டிப் பெருக்குகிற அம்மா வரைக்கும் நின்றார்கள். அந்தக் கேமராவில் டைமர் இருப்பது முதலாளிக்குத் தெரியாதா என்ன? பழைய ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

“தலையைத் தூக்குங்கப்பா, தரையிலயா கேமரா இருக்கு?” என்று அக்காதான் அவர்களைச் சிரிக்கவைத்து எடுத்து முடித்தாள்.

அதன் பிறகு முதலாளி ஒரு பெண்ணை அழைத்துவந்தார். கோட்டும் குதிகால் செருப்புமாக இருந்தாள். திங்கட்கிழமை பெரிய ரோட்டில் திறக்கப்போகிற மூன்று மாடி ஸ்டுடியோவில் வாடிக்கையாளர்களை வரவேற்று முன்னால் உட்காரப் போகிறவள். சாயங்காலத்துக்குள் வேலையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிடும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அந்தப் புது இடத்தில் அக்காவுக்கு என்ன வேலை, வேலை உண்டா இல்லையா என்று சொல்லவில்லை. ஒரு மாதமாகவே சொல்லவில்லை. இன்றைக்காவது சொல்லுவார் என்று அவள் காலையிலிருந்து காத்திருந்தாள்.

சொல்லிக்கொடுப்பதில் அக்கா வஞ்சனை வைக்கவில்லை. அழுகிற குழந்தைக்குப் பொம்மை காட்டக் கூடாது, அதன் அம்மாவின் கைக்கடிகாரத்தைக் காட்ட வேண்டும். கல்யாண ஆல்பத்தில் மாமியார் எட்டுப் பக்கத்திலாவது வர வேண்டும், இல்லையென்றால் ஆல்பம் போன வேகத்தில் திரும்பி வரும். செத்தவர் படத்தைப் பெரிசாக்கக் கொண்டுவருகிறவர்களுக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர், சைஸைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். வேலைக்கு வந்த புதுப்பெண் ஒன்று விடாமல் போனில் குறித்துக்கொண்டாள். இதையெல்லாம் யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டாள். பட்டுத் தெரிந்துகொண்டதுதான் என்றாள் அக்கா.

கடை ஆரம்பித்தது ஒரு கார் ஷெட்டில். பின்னால் தொங்கவிட்டது ஒரு நீலப் போர்வை. விளக்கு ஸ்டாண்டு வாங்க வக்கில்லாத அந்த நாளில், கல்யாண மண்டபங்களில் முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, கை மரத்துப்போக நின்றவள் அக்கா. ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்குக் கூட்டம் வந்ததும் அவள் யோசனையால்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம் இலவசம், படம் போட்டுக் கொடுக்கிற கவருக்குள்ளேயே குடும்பப் படத்துக்கு ஒரு சலுகைச் சீட்டு என்றாள். பிள்ளைகள் பின்னாலேயே குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள்.

போன மாதம் பத்திரிகைக்காரர் வந்து வெற்றியின் ரகசியம் கேட்டபோது முதலாளி அந்தச் சலுகைச் சீட்டுக் கதையைத்தான் சொன்னார். தனி ஆளாக நின்று ஜெயித்தேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பக்கத்தை வெட்டி ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டியதும் அக்காதான். வயிறு எரிந்தாலும் ஆணியைக் கோணாமல் அடித்தாள்.

மூன்று மணிக்கு முதலாளி கவுன்ட்டர் பக்கம் வந்தார். இனி பொறுத்தால் வாய் திறக்கவே முடியாது என்று அக்கா எழுந்து நின்றாள்.

“திங்கள்கிழமை நான் எங்க சார் உக்காரணும்?”

அவர் புதுப்பெண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அங்க வர்றவங்க லெவலே வேறம்மா. முன்னாடி ஒரு முகம் வேணும். இவ்வளவு நாள் ஓடியாச்சு, இனிமே வீட்ல நிம்மதியா இரு.”

“முன்னாடி வேண்டாம் சார். பின்னாடி ரூம்ல ஆல்பம் சரிபார்க்கிறேன். ஒரு நாற்காலி போதும்.”

“அதுக்கும் ஆள் போட்டாச்சு. புதுக் கடைச் சாவியை இவங்ககிட்ட குடுத்துடு” என்று சொல்லிவிட்டு, போன் அடிக்கவே பேசிக்கொண்டே போய்விட்டார். ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைப்பவர்கள் உண்டு. இவர் அதை மடக்கி மூலையில் சாத்தச் சொல்லி ஏணியிடமே சொல்லிவிட்டுப் போகிற ரகம்.

புதுப்பெண் முன்னால் அழ மனசில்லாமல் அக்கா ஆர்டர் நோட்டைப் புரட்டினாள். அந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை.

“உங்க இடத்தைப் பிடுங்கிக்கிட்ட மாதிரி கஷ்டமா இருக்குக்கா” என்றாள்.

“நீ என்னம்மா பண்ணுவ? வேலைன்னு கூப்பிட்டாங்க, வந்த.”

“நானும் நாலு ஸ்டுடியோல இருந்துட்டேன். இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்ல. உங்க திறமைக்கு எந்தக் கடையிலயும் கூப்பிட்டுச் சேர்த்துக்குவாங்க. எப்பவோ இவரை விட்டுட்டுப் போயிருக்கலாமே. அப்படி எத்தனை வருஷமா இந்த ஆள்கிட்ட இருக்கீங்க?”

அக்கா வளையத்திலிருந்து புதுக் கடைச் சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தாள்.

“கடைக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சும்மா” என்றாள். “அவருக்கு வாக்கப்பட்டுப் பதினாலு.”