ஆமென் சொல்லும்வரை

சத்தியம் பண்ணக் கூடாது என்று வேதம் சொல்கிறது; ஆனாலும் பண்ணுகிறேன், இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதில்லை. சாயர்புரத்திலிருந்து சபை ஊழியத்துக்காக ஆப்பிரிக்கா போன பதினோரு பேரும் ஒரு நாள் காடு பார்க்க ஜீப்பேறினார்கள். சிங்கத்தை நேரில் பார்ப்பது ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் அதிசயத்துக்கு அறுபது வருஷத்து ஆசை. நண்பகல்வரை ஒரு கழுதைப்புலிகூடத் தட்டுப்படவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்குமுன், கூட வந்த சபைப் போதகரான ஐயர் ஜெபிக்க ஆரம்பித்தார். விசா கொடுத்த அதிகாரி, ஜீப்பின் நான்கு டயர், பின்சீட்டிலிருந்த ரூபி அக்காவின் மூட்டுவலி என்று அது முடிகிற வழியாக இல்லை. பொறுமையிழந்த அதிசயம் ஒரு கண்ணைத் திறந்தார். பத்தடி தூரத்தில் சிங்கம், முன்னங்கால்களை மடக்கித் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது. டிரைவரின் சித்தப்பாவரை ஜெபம் வந்தபோது கொட்டாவி விட்டது.

அதிசயம் பக்கத்திலிருந்த மனைவியின் விலாவில் இடித்தார். "ஏட்டி, கண்ணத் தெற!"

"சும்மா இரிங்க. நீங்க கண்ணத் தெறந்தது தெரிஞ்சா ஐயரு உங்க பேரச் சொல்லி இன்னொரு ஜெபம் பண்ணுவாரு."

ஆமென் என்றதும் சிங்கம் எழுந்து புதருக்குள் போய்விட்டது. ஐயர் கண்ணைத் திறந்து வெறுங்காட்டைப் பார்த்தார்.

"ஒரு சிங்கங்கூடக் கண்ணுல படலியே! எல்லாரும் கண்ண மூடுங்க, அதுக்கும் ஜெபிச்சிருவோம்."

அதிசயம் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அந்தக் காட்டில் சிங்கமே கிடையாது என்று நுழைவாயில் பலகையில் பெரிதாக எழுதியிருந்தது; அதுவும் சத்தியம்தான்.